எட்டு வயதுச் சாட்சி: அப்பீலில் மறுபடி கூப்பிடுவார்களா?

லயத்துவீட்டு அக்கா, சுங்கை சிப்புட், மலேசியா:
எங்கள் தோட்ட லயத்தில் நடந்த பாராங் கத்தி வெட்டைத் தங்கச்சி மகள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். செஷன்ஸ் நீதிமன்றத்தில் திரைக்குப் பின்னால், பாவாடை நுனியைக் கசக்கிக்கொண்டே தெளிவாகச் சொன்னாள். தண்டனை வந்தது, உடனே அப்பீல் போட்டுவிட்டார்கள். அவளை மறுபடி சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்களா? ராத்திரியெல்லாம் அலறுகிறாள்.

பழைய கிராணி:
பொதுவாக இல்லை, தங்கச்சி. அப்பீலைக் கேட்கும் உயர் நீதிமன்றம், முதல் விசாரணையில் எழுதிய வழக்குக் குறிப்பைத்தான் படிக்கும். உண்மை பேசும் கடமை அவளுக்குப் புரிகிறதா என்று நீதிபதி முதலில் விசாரித்தது அதில் இருக்கிறதா? 1950 சாட்சியச் சட்டம், 133ஏ பிரிவு கேட்பது அது. எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கைவைப்பார்.

லயத்துவீட்டு அக்கா:
கேட்டார் அண்ணே. "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்றாள். எழுதிக்கொண்டார்.

பழைய கிராணி:
அப்போ சரி. மறுவிசாரணைக்கு உத்தரவானால்தான் அவளுக்கு வேலை.

செம்பனைக்காரன்:
அப்படியே வந்தாலும் 2007 சிறார் சாட்சிச் சட்டப்படி திரை, வீடியோ வழிச் சாட்சியம் கேட்கலாம். டிபிபியிடம் (அரசுத் தரப்பு வக்கீல்) இப்போதே சொல்லி வையுங்கள் அக்கா.