ஈஸ்டர் கோழிக்குஞ்சுக்குச் சாயம்: சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு என்ன குற்றம்?

அரட்டை மன்னன்:
அமெரிக்காவின் கிறுக்குச் சட்டங்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றும். அதில் கென்டக்கி மாநிலத்துக்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. வாத்துக்குஞ்சுக்கு நீலச் சாயம் ஏற்றி விற்கக் கூடாதாம். ஆறுக்கு மேல் சேர்த்து விற்றால் மட்டும் பரவாயில்லையாம். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தேடிப் பார்த்தால் ஏறக்குறையப் பாதி மாநிலங்களில் இப்படி ஏதாவது ஒரு தடை இருக்கிறது. ஈஸ்டருக்குக் கோழிக்குஞ்சைப் பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறமேற்றிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். போடுவது கேக்கில் போடுகிற அதே உணவுச் சாயம். சில வாரத்தில் குஞ்சுத்தூவி உதிர்ந்து சொந்த இறகு வந்துவிடும். இதற்கு ஒரு சட்டம், ஓர் அபராதம்! கோழியைக் கூண்டில் நெருக்கி அடைத்து முட்டை எடுக்கிற நாட்டுக்குச் சாயத்தில் மட்டும் என்ன திடீர்க் கருணை?

கொல்லைப்புறக் கோழி:
கென்டக்கியில் இப்போது உள்ள சட்டம் அப்படிச் சொல்லவில்லைங்க. இரண்டு தனித்தனி விதிகளை யாரோ ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். சாயமேற்றிய கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சு, முயல் எதையும் விற்கக் கூடாது, காட்சிக்கு வைக்கக் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. இது முதல் விதி. இரண்டு மாதம் ஆகாத குஞ்சுகளை, சாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறுக்குக் குறைவாக விற்கக் கூடாது. இது இரண்டாவது. மீறினால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம்.

அந்த ஆறில் விஷயம் இருக்கிறது. ஆறு குஞ்சு வாங்குகிறவர் கூண்டு எங்கே, தீவனம் எங்கே என்று யோசித்துவிட்டுத்தான் வாங்குவார். ஒன்று வாங்குகிறவர் பொம்மை வாங்குகிறார். ஒற்றைக் குஞ்சைத் தனியாக ஒரு பெட்டியில் விட்டுப் பாருங்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு உச்சக் குரலில் கத்தும். இன்னொன்றை உள்ளே விட்டதும் அதன் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டு சத்தத்தை அடக்கிவிடும். நான் கோழி வளர்க்கிறவள், வசந்தம் வந்தால் இதுதான் என் வேலை.

வழக்காடி:
அப்படியானால் ஒற்றைக் குஞ்சு விற்பதைத் தடை செய்யுங்கள், முடிந்தது. சாயம் எதற்கு இதில் வருகிறது? ஃபுளோரிடாவில் நடந்த கூத்தைப் பாருங்கள். 1967இல் பிராணிகளுக்குச் சாயம் போடத் தடை விதித்தார்கள். 2012இல் எடுத்தார்கள். கேட்டது யார் தெரியுமா? நாய்களுக்கு முடி திருத்தி அலங்காரம் செய்கிற ஒருவர். போட்டிக்குப் போகிற நாய்க்கு வண்ணம் பூச வேண்டுமாம். அப்புறம் எதிர்ப்புக் கிளம்பி, 12 வாரம் ஆகாத எந்தப் பிராணிக்கும், எந்த வயதுக் கோழிக்கும் முயலுக்கும் மறுபடி தடை வந்தது. ஆக, வளர்ந்த பூடில் நாய்க்கு ஊதா பூசலாம், வளர்ந்த கோழிக்குக் கூடாது. சாயம் கொடுமை என்றால் இரண்டுக்கும் கொடுமை. இல்லையென்றால் இரண்டுக்கும் இல்லை.

மழைக்குருவி:
ஒரு சந்தேகம். குஞ்சு மேல் எப்படிச் சாயம் ஏற்றுகிறார்கள்? பக்கெட்டில் முக்கியா?

கொல்லைப்புறக் கோழி:
இரண்டு வழி உண்டு. பொரித்த குஞ்சு மேல் தெளிப்பது ஒன்று. இது மோசமான வழி. பிறந்த குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரம் அதைச் சுற்றி 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதை நனைத்துப் பெட்டியில் போட்டால் நடுங்கியே செத்துவிடும். கண்ணில், மூக்கில் சாயம் போவது வேறு.

இன்னொன்று ஊசி. முட்டை பொரிக்க 21 நாள். 18ஆம் நாள் வாக்கில் இன்குபேட்டரிலிருந்து எடுத்து, முட்டையின் ஓட்டைத் துடைத்து, பொடித் துளை போட்டு, வெதுவெதுப்பான சாயத்தைத் துளியளவு உள்ளே விட்டு மெழுகால் அடைக்கிறார்கள். சாயம் குஞ்சின் தூவியில் ஏறி, வெளியே வரும்போதே பச்சையாக வரும். கை சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் தாங்கும். நீர்ப்பறவை ஆய்வாளர்கள் குஞ்சுகளை அடையாளம் காண இதே முறையைக் கையாண்டிருக்கிறார்கள்.

அரட்டை மன்னன்:
பார்த்தீர்களா, நீங்களே சொல்கிறீர்கள் தாங்கும் என்று! அமெரிக்காவில் கறிக்கோழி முட்டைகளுக்கு மேரக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியை இதே 18ஆம் நாள் வாக்கில் முட்டைக்குள்ளேயே இயந்திரம் வைத்துக் குத்துகிறார்கள். அதை யாரும் வதை என்று சொல்வதில்லை. அங்கே தபால் துறை 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறது. வயிற்றில் உறிஞ்சிய மஞ்சள் கரு மூன்று நாள் வரை தாங்கும் என்ற நம்பிக்கையில்தான். தபால் பயணத்தைத் தாங்குகிற குஞ்சு ஒரு சொட்டுச் சாயத்தைத் தாங்காதா?

மழைக்குருவி:
தடுப்பூசி குஞ்சுக்காகப் போடுவது. சாயம் யாருக்காக?

அரட்டை மன்னன்:
தடுப்பூசியும் கறிக்காகத்தான் அம்மா.

நிலவரம்:
இருவரும் முக்கியமான இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். இந்தக் குஞ்சுகள் எங்கிருந்து இவ்வளவு மலிவாக வருகின்றன? முட்டைக்கோழி இனத்தில் சேவல்குஞ்சால் யாருக்கும் லாபமில்லை. முட்டை போடாது, கறிக்கும் தேறாது. பொரிப்பகத்தில் பொரித்த அன்றே பிரித்தெடுத்து இயந்திரத்தில் அரைத்துவிடுவார்கள், அல்லது வாயு வைத்துக் கொல்வார்கள். சாயக் குஞ்சு வியாபாரத்துக்கு இவைதான் தோதான சரக்கு. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இப்படிக் கொல்வதற்கே தடை போட்டுவிட்டது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற கருவிகளுக்கு அங்கே மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

வழக்காடி:
நன்றி. என் கட்சிக்குத்தான் வலு சேர்த்திருக்கிறீர்கள். அரைபட வேண்டிய குஞ்சு சாயத்தால் சில வாரம் கூடுதலாக வாழ்கிறது. எது கருணை?

நிலவரம்:
அந்தச் சில வாரத்தை எப்படி வாழ்கிறது என்று சொல்லாமல் விட்டால் கணக்கு உங்கள் பக்கம்தான் வரும். இரண்டு மூன்று வாரத்தில் நிறம் திட்டுத் திட்டாக உதிரும், பாதி பச்சை, பாதி வெள்ளை. பிள்ளைக்கு ஆசை விட்டுப்போகும். தப்பிப் பிழைத்தால் நாலைந்து மாதத்தில் கூவும். பெரும்பாலான நகரங்களில் சேவல் வைக்கவே அனுமதி இல்லை. அப்புறம் பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ராத்திரி நரியோ ரக்கூனோ பார்த்துக்கொள்ளும். நன்றாக வளர்த்தால் கோழி ஐந்திலிருந்து எட்டு வருடம் வாழும்.

வழக்காடி:
மஞ்சள் குஞ்சு வாங்குகிறவரும் இதையேதான் செய்கிறார். வசந்தம் வந்தால் தீவனக் கடைகளில் சாயமில்லாத குஞ்சு குவிந்து கிடக்கிறது. தடையால் ஒன்றும் நிற்கவில்லை.

அரட்டை மன்னன்:
அதே. கூவுகிற சேவலைக் கூட்டிப்போய் நரிக்குக் கொடுக்கிறவனை விட்டுவிட்டு உணவுச் சாயத்தின் மேல் பாய்கிறார்கள். இங்கே சிலருக்கு அடுத்தவர் சந்தோஷம் பொறுக்காது.

மட்டுறுத்துநர்:
கடைசி வரி தேவையில்லாதது. கோழியைப் பற்றிப் பேசுங்கள்.

இரண்டு பிள்ளை அம்மா:
கொஞ்சம் அவசரம், அதனால் நடுவில் நுழைகிறேன். எங்கள் மாநிலத்தில் தடை கிடையாது. பக்கத்து வீட்டுத் தாத்தா இன்று காலை என் நாலு வயதுப் பையனிடம் இரண்டு குஞ்சு கொடுத்துவிட்டார், ஒன்று பச்சை, ஒன்று இளஞ்சிவப்பு. நாங்கள் இருப்பது அபார்ட்மென்ட். பையன் முத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். என்ன செய்ய?

கொல்லைப்புறக் கோழி:
முதலில் முத்தத்தை நிறுத்துங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற குஞ்சிடமும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குஞ்சைத் தொடவே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அறிவுரை. நீங்கள் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சமையலறைத் தொட்டியில் மட்டும் வேண்டாம்.

உயரமான அட்டைப்பெட்டியில் மரச்சீவல் பரப்புங்கள். ஒரு மூலையில் மட்டும் சூடு கிடைக்கட்டும், விளக்கு வைத்தால் விழாதபடி இறுகக் கட்டுங்கள், தீப்பிடிக்கும். குஞ்சுகள் விளக்கடியில் ஒட்டி நின்றால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிவிடும். பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுங்கள், பிய்த்து இழுக்கக் கூடாது. அப்புறம் கோழி வளர்க்கிற யாரிடமாவது பேசிக் கொடுத்துவிடுங்கள்.

வழக்காடி:
வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள், கோழிக்குத் தனியாகத் தடை போட்டிருப்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மஞ்சளாக இருந்திருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள்.

இரண்டு பிள்ளை அம்மா:
மஞ்சளாக இருந்திருந்தால் அவர் வாங்கியே இருக்க மாட்டார் சார். பச்சையாக ஒன்று இருக்கிறது பாருங்கள் என்றுதான் கதவைத் தட்டினார்.

கூழாங்கல் போட்டாச்சு. தீவனக் கடை நாளைக்குத்தான் திறக்குமாம். ராத்திரிக்கு என்ன கொடுக்கலாம்?

கொல்லைப்புறக் கோழி:
வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடியாக உதிர்த்துக் கொஞ்சம் வையுங்கள்.

அரட்டை மன்னன்:
கோழிக்குஞ்சுக்கு முட்டையா?!

கொல்லைப்புறக் கோழி:
21 நாளாக அது சாப்பிட்டது அதைத்தானே.