கிராண்ட் யூனியன் கால்வாயில் தூண்டில்: புதிதாக வருகிறவர்களுக்கு

லண்டனில் வெம்பிளி, அல்பர்ட்டன், சவுத்ஹால் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலர் கடைக்குப் போகும் வழியில் கிராண்ட் யூனியன் கால்வாயைத் தாண்டித்தான் போகிறோம். கரையில் யாராவது ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கலங்கல் தண்ணீரில் என்னத்தைப் பிடிக்கிறார் என்று நினைத்தபடி நடந்துவிடுவோம். மீன் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. ரோச், பெர்ச், பிரீம், அப்புறம் இவற்றை விழுங்க வரும் பைக் என்ற கூர்பல் மீன். தூண்டில் பழகுகிறவருக்கு லண்டனில் இதைவிடத் தோதான தண்ணீர் கிடையாது என்பது என் எண்ணம். பேடிங்டன் கிளை 1801-இல் திறந்தது. ஹேஸ் பக்கத்து புல்ஸ் பிரிட்ஜிலிருந்து பேடிங்டன் வரை படகை ஏற்றி இறக்கும் மதகு (லாக்) ஒன்றுகூட இல்லை, ஒரே மட்டம். இழுப்பு அதிகம் இல்லாததால் தக்கை பெரும்பாலும் போட்ட இடத்திலேயே நிற்கும்.

போன கோடையில் நம் ஊர்த் தம்பி ஒருவர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடலுக்குப் போகிறவர் மாதிரி தடித்த ராடு, பெரிய ரீல், விரல் நீளத்துக்கு முள். வீசிய வீச்சில் எதிர்க்கரைப் புதரே ஆடியது. "அண்ணே, இங்க ஒண்ணுமே கடிக்கலையே?" என்றார். கடிக்காது தம்பி. கால்வாயின் அடித்தரை நடுவில்தான் ஆழம், அது படகு போகும் தடம். இரண்டு பக்கமும் மேடாகி, கரையோரம் படிக்கட்டு மாதிரி ஒரு திட்டு இருக்கும். மேடு முடிந்து சரிவு இறங்கும் அந்த விளிம்பில்தான் மீன் மேயும். அதாவது, உங்கள் காலடியிலிருந்து கொஞ்ச தூரத்தில். நாலு மீட்டர் விப் ஒன்று போதும். அது நுனியிலேயே நரம்பைக் கட்டும் மெல்லிய கோல், ரீலே வேண்டாம். மெல்லிய நரம்பு, சின்னத் தக்கை, 18 அல்லது 20-ஆம் நம்பர் பொடி முள், அதுவும் எதிர்முள் இல்லாதது. முதலில் ஒரு கனத்தை முள்ளில் மாட்டி ஆழம் பாருங்கள். இரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி தக்கையை ஏற்றி இறக்க வேண்டும். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

இரைக்கு வெள்ளை ரொட்டித் துண்டே போதும். சின்ன வட்டமாகக் குத்தி எடுத்து முள்ளில் மாட்டினால் ரோச் வந்துவிடும். மேகட் புழு தூண்டில் கடையில் பைண்ட் கணக்கில் கிடைக்கும். அதை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது அவரவர் வீட்டு அரசியல்.

படகு வரும்போது புதியவர்கள் சலித்துக்கொள்வார்கள். தண்ணீர் ஒரு பக்கம் இழுக்கும், தக்கை ஓடும், படகு கடந்ததும் எல்லாம் சேறாகும். அப்போது மூட்டை கட்டாதீர்கள். கிளறிய சேற்றிலிருந்து புழு பூச்சி மேலே வரும், அதைத் தின்ன மீனும் வரும். அந்தத் தம்பிக்கு என் விப்பைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு போய் அலை அடங்குவதற்குள் தக்கை ஒரு குலுங்கு குலுங்கி முழுகியது. கைப்பிடி அளவு பெர்ச். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, அடியில் சிவந்த துடுப்பு. முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு கையைக் குத்தும், தலைப்பக்கத்திலிருந்து தடவி அதை மடக்கிப் பிடிக்க வேண்டும். கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். தம்பி ஆசையாகப் பையைத் திறந்தார். நான் தண்ணீரைக் காட்டினேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஆமாம், இங்கே பிடித்ததைத் திரும்ப விட வேண்டும். கால்வாய் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. 2012 முதல் கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் கேனல் அண்ட் ரிவர் ட்ரஸ்ட், பல பகுதிகளின் மீன்பிடி உரிமையைக் கிளப்புகளுக்கு விட்டிருக்கிறது. நம் ஊரில் கண்மாய் மீன்பாசியை ஏலம் விடுகிற மாதிரிதான், ஏலம் எடுத்தவர் மீனைத் தொடக்கூடாது என்பது மட்டும் வித்தியாசம். அதனால் உட்காரும் இடம் யாருடையது என்று பலகையைப் பாருங்கள். கிளப் அட்டையோ நாள் சீட்டோ வேண்டும். அது தவிர அரசின் ராடு லைசென்ஸ் தனி. 13 வயதிலிருந்து கட்டாயம், 16 வயது முடியும் வரை இலவசம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம். பெரும்பாலான கால்வாய்களுக்கு அது இல்லை, ஆனால் கிளப் தனியாக விதி வைத்திருக்கலாம்.

கிளப் பக்கம் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. குளிர்காலப் போட்டிகளில் இடம் குலுக்கலில்தான் விழும், நல்ல இடம் கிடைத்தவர் பாதி ஜெயித்த மாதிரி. வேடிக்கை பார்க்க யாரும் வரலாம். கரையைச் சுத்தம் செய்யும் நாளில் வந்தால் பழைய உறுப்பினர்கள் எந்தப் பாலத்தடியில் பிரீம் கூட்டம் நிற்கிறது என்று தானாகவே சொல்வார்கள். சந்தா கட்டி வாங்க முடியாத சேதி அது. பிள்ளைகளுக்கு ட்ரஸ்ட் 'லெட்ஸ் ஃபிஷ்' என்று வகுப்பு நடத்துகிறது, ராடு முதல் புழு வரை அவர்களே தருவார்கள்.

*

மேலே உள்ளதைப் படித்துவிட்டு நார்த்தோல்ட்டில் இருந்து எழுதுகிறேன். அண்ணா எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார், இரண்டு விசயம் விடுபட்டிருக்கு. எங்கட ஊரில் தங்கூஸ் நரம்பும் ஈயக்குண்டும் போதும். இங்கே அந்த ஈயத்தைக் கொண்டுவராதீங்கோ. அன்னங்கள் அதை விழுங்கிச் செத்ததால் 1987-இல் இருந்து சின்ன ஈயக்குண்டுகளுக்குத் தடை. கடையில் வேறு உலோகத்தில் கிடைக்கும். மற்றது, தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கோ. கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கம்பியிலிருந்து 30 மீட்டராவது தள்ளி உட்காருங்கோ.

பைக் கதை ஒன்று. என் மகள் சின்ன ரோச் ஒன்றை மேலே தூக்கும்போது தண்ணீருக்குள் ஒரு பச்சை மரக்கட்டை அசைந்தது. அடுத்த நொடி ரோச் இல்லை, விப் வில்லாய் வளைஞ்சுது, நரம்பு அறுந்தது. பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். "அப்பா, அதையே பிடிப்பம்" என்கிறாள்.

*

நார்த்தோல்ட் அண்ணனுக்கு, முதலில் எழுதியவனின் பதில். மகளிடம் சொல்லுங்க அண்ணே, முள்ளுக்கு மேலே கட்டும் கம்பி (டிரேஸ்) இல்லாமல் பைக் பிடிக்கப் போகக்கூடாது. நரம்பைப் பல்லாலேயே அறுத்துவிடும். வாயைத் திறந்து முள்ளை எடுக்க நீளமான இடுக்கியும், கீழே கிடத்த ஈரமான பாயும் வேண்டும். அக்டோபருக்கு மேல் தண்ணீர் குளிர்ந்த பிறகு, தெரிந்த ஒருவரோடு போவது நல்லது. உங்கள் பக்கத்துக் கிளப்பில் பைக் பிடிக்கிறவர் கட்டாயம் ஒருவர் இருப்பார், கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.