ஆங்கிலேய ஓவியர் யூவன் அக்லோவின் படங்களை நேரில் பார்த்தவர்கள், அவர் வழியில் படித்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். லண்டனில் வேலை பார்த்தபோது மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு. நடத்தியவர் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் அக்லோவிடம் படித்தவர். வண்ணத்தைத் தொடவே விடமாட்டார். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற மாதிரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மாடலின் காதுக்கு நேர் கீழே எது வருகிறது என்று பார்க்கச் சொல்வார். குதிகால் என்று நினைத்திருப்போம்; பார்த்தால் பெருவிரல்! அப்புறம் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலில் தலையின் உயரத்தை எடுத்து உடம்போடு ஒப்பிட வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு போச்சு. அக்லோ இதற்காகவே இசைத்தாள் வைக்கும் தாங்கி ஒன்றை அளவுகருவியாக மாற்றி வைத்திருந்தார் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன்.

இப்படி அளந்து வரையும் பழக்கம் அக்லோவுக்கு அவருடைய ஆசிரியரான ஓவியர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீமிடமிருந்து வந்தது. லண்டனின் கேம்பர்வெல் ஓவியப் பள்ளியில் அவரிடம் படித்த அக்லோ, 1951இல் அவர் பின்னாலேயே ஸ்லேடுக்குப் போனார். 1961 முதல் அங்கே ஆசிரியர். 2000இல் இறக்கும்வரை அந்தப் பள்ளியை விடவில்லை. பிரிட்டனின் பெரிய கலைஞர் அமைப்பான ராயல் அகாடமியின் உறுப்பினர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

*

நான் வரைகிற ஆள் இல்லை, பார்க்கிறவள் மட்டும்தான். இங்கிலாந்தில் ஹல் நகரின் ஃபெரன்ஸ் ஓவியக் காலரியில், ஸ்டூல் மேல் சுருண்டிருக்கும் பெண்ணை அவர் 1982-83இல் வரைந்த படம் இருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். உண்மையைச் சொன்னால் மனசு ஒட்டவில்லை. உடம்பு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டடம் மாதிரி. அளவெடுத்த சின்னச் சின்னக் குறிகளைப் படத்தில் தோலின் மேல் அப்படியே விட்டுவைப்பது அவர் வழக்கமாம். அந்தப் பெண்ணுக்குக் கால் மரத்துப் போயிருக்காதா என்பதுதான் என் கவலை. ஒரு படத்துக்கு வருடக்கணக்கில் வரச் சொன்னால் யார் வருவார்கள்? பின்னாளில் பிரதமர் டோனி பிளேரின் மனைவியான ஷெரி பூத், இளம் வழக்கறிஞராக இருந்தபோது அவருக்கு மாடலாக நின்றார். அந்தப் படம் முடியவே இல்லை.

*

அக்கா, கட்டடம் என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், குறை என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1967இல் அவர் முடித்த நிற்கும் பெண்ணின் படம் ஒன்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சாதாரணமாக ஒரே இடத்திலிருந்து பார்த்தால் தலை நேராகத் தெரியும், பாதத்தை மேலிருந்து பார்ப்போம். அவர் தன் கண்மட்டத்தைப் படிப்படியாக இறக்கி, 12 உயரங்களிலிருந்து வரைந்தார். அதனால் முகத்தைப் பார்க்கிற மாதிரியே முழங்காலையும் நேருக்கு நேர் பார்க்கிறோம். அத்தனை சிரமம் எடுத்தவரை மனசில்லாதவர் என்று எப்படிச் சொல்வது?