பழைய திறந்த காருக்கு எந்தச் சாலை: கொண்டை ஊசியா, கடலோரமா, மரநிழலா?

புதுப்பயணி

1967ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று, பழைய பிரிட்டிஷ் திறந்த கார், கைக்கு வந்திருக்கிறது. துணிக்கூரை, நான்கு கியர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம், ஸ்டீயரிங் வலப்பக்கம். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. கூரையை மடக்கிப் போட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்ட ஆசை. எந்த நாடாக இருந்தாலும் சரி, காரைக் கப்பலில் அனுப்பிக்கொள்கிறேன். 'உலகின் அழகான பத்துச் சாலைகள்' மாதிரிப் பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. இந்த மாதிரிக் காருக்கு ஏன் அந்தச் சாலை என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

மலைப்பித்தன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆல்ப்ஸ்தான். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் சாலை. 1935இல் திறந்தது, 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள், கணவாயின் உச்சி 2504 மீட்டர். சுற்றுலா வருகிறவர்கள் காரிலேயே ஏறிவந்து பனிமலையைப் பார்க்கட்டும் என்று போட்ட சாலை அது. அந்தக் காலத்துக் கார்கள் ஏற வேண்டுமே, அதனால் ஏற்றத்தை ஓர் அளவுக்குள் வைத்தார்கள். வளைவுகளும் தாராளம். எம்ஜிபியை ஒரே திருப்பில் கொண்டுபோய்விடலாம்.

எல்லாரும் இத்தாலியின் ஸ்டெல்வியோவைச் சொல்வார்கள். 2757 மீட்டர், ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள், படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் அது 1820களில் போட்டது, குதிரை வண்டிக் காலம். வளைவில் எதிரே பேருந்து வந்துவிட்டால் ஒருவர் நின்றே ஆக வேண்டும், அதுவும் ஏற்றத்தில், கிளட்சைத் தேய்த்துக்கொண்டு. பழைய காருக்கு அந்த வம்பு வேண்டாம். கிராஸ்குளோக்னர் பனிக்காலத்தில் மூடிவிடும், இரவிலும் மூடிவிடும். கோடையில் போய், காலையில் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள்.

பழைய ஸ்பேனர்

மலைப்பித்தன் போஸ்ட்கார்டைக் காட்டிவிட்டார். காருக்கு என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன்.

2500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இறங்கும். புதிதில் 95 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் அங்கே 75 கொடுத்தால் பெரிய விஷயம். காற்று குறைகிற அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைக்காது, அதனால் பெட்ரோல் தூக்கலாகி எஞ்சின் திணறும். தண்ணீரும் 92 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடைக்காது. ஓட்டுகிறவர் மலையையா பார்ப்பார், வெப்ப முள்ளையா பார்ப்பார்?

மலைப்பித்தன்

92 டிகிரி என்பது அடுப்பில் திறந்து வைத்த பாத்திரத்துக்கு. ரேடியேட்டருக்கு அழுத்த மூடி என்று ஒன்று இருக்கிறதே ஐயா! அரை 'பார்' (காற்றழுத்த அலகு) மூடி போட்டால் 111 டிகிரி வரை தாங்கும்.

பழைய ஸ்பேனர்

கடல்மட்டத்தில் 111. மூடி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே அரை பார் வரை பிடித்துவைக்கும், அதுதான் அதன் வேலை. மேலே போகப் போக வெளி அழுத்தமே குறைவு. 2500 மீட்டரில் அதே மூடிக்கு 106 டிகிரிதான். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். அது போதும், ஏறிவிடும். ஏற்றத்தைப் பற்றி இனி நான் வாயைத் திறக்கவில்லை.

இறக்கத்துக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த விதியே 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி கட்டி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதற்கு முன்பே பிரேக் லைனிங் கருகுகிற வாடை மூக்கில் ஏறிவிடும். கூரை இல்லாத காரில் அது சீக்கிரம் தெரியும், அந்த ஒரு வசதி உண்டு.

மலைப்பித்தன்

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலையின் அரிச்சுவடி. பயணத்துக்கு முன்னால் ஆயிலை மாற்றினால் மீதியும் தீர்ந்தது. காரை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் பொம்மைக் கார் வாங்கியிருக்கலாமே.

கரையோரம்

இரண்டு பேரும் ரேடியேட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு எழுதுகிறீர்கள். புதுப்பயணி கேட்டது ஒரு வாரச் சந்தோஷம்.

கடலோரம் போங்கள். போவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: திசை. கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை 1இல் பிக் சர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1937இல் திறந்த சாலை, அதிலுள்ள பிக்ஸ்பி பாலம் 1932இலேயே தயார். வண்டிகள் வலப்பக்கம் போகிற நாடு, கடல் மேற்கே. ஆகவே வடக்கிலிருந்து தெற்கே வர வேண்டும். அப்போதுதான் உங்கள் தடம் கடலை ஒட்டி இருக்கும். எதிர்த்திசையில் போனால் கடலுக்கும் உங்களுக்கும் நடுவே எதிரே வரும் வண்டிகள்தான் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் காரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் இன்னும் விசேஷம். எம்ஜிபியின் கதவு தாழ்வு, அதன்மேல் முழங்கையை வைத்துக்கொண்டு ஓட்டினால் கீழே பாறையும் நுரையும்தான்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், கடல் தெற்கே. அங்கே டார்க்கீயிலிருந்து மேற்கே போவது சரி. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919இல் தொடங்கி 1932இல் முடித்த சாலை அது. தென்னாப்பிரிக்காவின் சாப்மன்ஸ் பீக் சாலையில் 9 கிலோமீட்டருக்குள் 114 வளைவுகள். அதில் தெற்கிலிருந்து வடக்கே வர வேண்டும். மூன்றும் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. ஸ்பேனர் ஐயாவின் 106 டிகிரி கணக்கு இங்கே எடுபடாது.

பழைய ஸ்பேனர்

எனக்கு வேறு கணக்கு இருக்கிறது. வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் முன்னால் ஒரு கேரவன் ஊர்ந்தால், அதைத் தாண்ட எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் சொல்லை நம்ப வேண்டும். கோடைக் காலையில் பிக் சரில் மூடுபனி இறங்கினால் கடல் எந்தப் பக்கம் என்பதே சந்தேகம். அங்கே மலை சரிவதும் வழக்கம். 2017 மே மாதம் மட் கிரீக்கில் சரிந்த மலை, சாலையை 2018 ஜூலை வரை மூடிவைத்தது. உப்புக்காற்று 1967ஆம் வருடத்துத் தகரத்தை என்ன செய்யும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கரையோரம்

ஒரு வார உப்பில் கார் கரைந்துவிடாது. திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். கேரவனை ஏன் தாண்ட வேண்டும்? வழியெல்லாம் ஒதுங்குமிடங்கள் இருக்கின்றன. ஒதுங்கி நின்று அதைப் போக விடுங்கள். சாலை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்ப்பது உங்கள் ஆல்ப்ஸுக்கும் பொருந்தும்தானே.

நிழல்விரும்பி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்கிறேன். பனிமலையை மூடிய காரிலிருந்து பார்க்க முடியாதா? கடலைப் பார்க்க முடியாதா? பக்கத்துக் கண்ணாடியை இறக்கினால் இரண்டும் தெரியும். கூரையை மடக்கியதால் புதிதாகக் கிடைப்பது தலைக்கு மேலே இருப்பது மட்டும்தான். கடலோரத்தில் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? வெயில்.

ஆகவே மேலே ஏதாவது இருக்கிற சாலையைத் தேடுங்கள். வடக்குக் கலிஃபோர்னியாவில் அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ் இருக்கிறது. சுமார் 50 கிலோமீட்டர். ஒரு காலத்தில் அதுதான் பிரதான சாலை. பக்கத்தில் புது நெடுஞ்சாலை வந்த பிறகு அவசரக்காரர்கள் எல்லாம் அதில் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் ரெட்வுட் மரங்கள் (நம் ஊர்ச் செம்மரம் அல்ல), 90 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. மூடிய காரில் அடிமரம் மட்டும்தான் தெரியும், ஏதோ தூண்களுக்கு நடுவே போவதாகத் தோன்றும். கூரை இல்லாவிட்டால் கண் மரத்தின்மேல் ஏறிக்கொண்டே போகும், உச்சி வராது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் கை மயிர் சிலிர்க்கும். ஈர மண் வாடை வரும். எஞ்சின் சத்தமும் வேறு மாதிரி கேட்கும், திறந்த வெளியில் சிதறிப்போவது இங்கே மரத்தில் பட்டுத் திரும்பி வரும்.

பாறைதான் பிடிக்கும் என்றால் ருமேனியாவின் பிக்காஸ் பள்ளத்தாக்கு. சாலை அடியில் போகிறது, சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் 200, 300 மீட்டர் நிற்கின்றன. மூடிய காரில் போகிறவர்கள் அங்கே இறங்கி நின்றுதான் மேலே பார்க்கிறார்கள்.

மலைப்பித்தன்

அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டினால் நேரே மரத்தில்தான் போய் நிற்பீர்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குத்தான் இந்த யோசனை நல்லது.

ஆனால் தலைக்கு மேலே என்ற வாதம் எனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங்-டு-தி-சன் சாலை இருக்கிறது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர், லோகன் கணவாய் 2026 மீட்டர். அங்கே 1936 முதல் 1939 வரை செய்த சிவப்புப் பேருந்துகள் இன்றும் பயணிகளை ஏற்றிப் போகின்றன. அவற்றின் கூரை கேன்வாஸ், சுருட்டிப் பின்னால் தள்ளிவிடலாம். மலையடியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிகரம் மேலேதானே? அதற்காகத்தான் அந்தக் கூரை. உங்கள் மரத்துக்கு 90 மீட்டர் என்றால் மலைக்கு அது எத்தனை மடங்கு! இன்னொரு லாபமும் உண்டு. நடுப்பகுதியில் 6.4 மீட்டருக்கு மேல் நீளமான வண்டியும் 2.4 மீட்டருக்கு மேல் அகலமான வண்டியும் போகக் கூடாது, பெரிய கேரவன்களுக்கு அனுமதி இல்லை. ஸ்பேனருக்குப் பிடிக்குமே. 1930களின் பேருந்து, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஏறுகிறது. 1967 எம்ஜிபி ஏறாதா?

பழைய ஸ்பேனர்

அந்தப் பேருந்துகளின் உடம்புதான் 1930கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய அடிச்சட்டத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் புது அடிச்சட்டத்தில் ஏற்றினார்கள். எஞ்சின், பிரேக் எல்லாம் புதிது. இதைச் சொல்லாமல் விட்டீர்களே.

என் வாக்கு அமெரிக்காவின் கிழக்குப் பக்க மலைச்சாலையான புளூ ரிட்ஜ் பார்க்வேக்கு. 1935இல் தொடங்கி 1987இல்தான் முழுமையானது, 755 கிலோமீட்டர். சரக்கு லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டர். நான்கு கியர் பழைய கார் சுகமாக ஓடுகிற வேகம் அதுதான். எஞ்சின் அலறாது, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க மாட்டான், அவனும் அதே 72தான். காற்று காதைக் கிழிக்காததால் பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். கூரை திறந்த காரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பேசிப் பாருங்கள், கத்துவீர்கள்.

கரையோரம்

755 கிலோமீட்டரும் ஒரே வேகம், ஒரே பச்சை. இரண்டாம் நாளே தூக்கம் வரும். 2024 செப்டம்பர் ஹெலீன் புயலில் வட கரோலினா பக்கம் அந்தச் சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலைச்சரிவு என் சாலையில் மட்டும் நடப்பது மாதிரி எழுதினீர்களே!

நிழல்விரும்பி

கரையோரத்துக்கும் எனக்கும் சண்டையே வேண்டாம் போலிருக்கிறது. நெடுஞ்சாலை 1இன் வடமுனை லெகட் என்ற இடத்தில் இருக்கிறது. நான் சொன்ன மரச்சாலை முடிந்து கொஞ்ச தூரம் தெற்கே வந்தால் அதுதான். அங்கிருந்து காட்டு மலை வழியாக வளைந்து வளைந்து போய்க் கடலில் இறங்கலாம். அப்புறம் தெற்கேதான் பயணம், அவர் சொன்ன திசையே.

மலைப்பித்தன்

அந்த லெகட் இறக்கம் முழுக்க வளைவுதான். ஆக, ஒரு வாரத்தில் நல்ல பகுதி எது என்று அவர் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். உச்சி 600 மீட்டர்கூட இருக்காது என்பது வேறு விஷயம்.

புதுப்பயணி

அனைவருக்கும் நன்றி. மரச்சாலை, லெகட், பிறகு கடலோரமாகத் தெற்கே என்று முடிவு செய்கிறேன். மூடுபனி குறைவு என்பதால் செப்டம்பர் கடைசியில் போகலாம் என்று எண்ணம். மலைப்பித்தன் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு சந்தேகம்: துணிக்கூரையின் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. காலைக் குளிரில் மடக்கலாமா?

பழைய ஸ்பேனர்

குளிரில் மடக்காதீர்கள், விரிசல் விடும். வெயிலில் சிறிது நேரம் நிறுத்தி, கை வைத்தால் இளக்கமாகத் தெரிந்த பிறகு, மடிப்புக்கு நடுவே ஒரு மெத்தென்ற துணியை வைத்து மடக்குங்கள். குளிருக்குக் கூரையை மூட வேண்டியதில்லை. பக்கத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காலடியில் ஹீட்டரைப் போடுங்கள். திறந்த காரில் காற்று முன்னாலிருந்து அடிப்பதைவிடப் பின்னாலிருந்து சுழன்று கழுத்தில் அடிப்பதுதான் அதிகம், கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள்ளுங்கள். பிரேக் ஆயிலைக் கப்பலில் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள். லெகட் இறக்கத்துக்கும் அது வேண்டும்.

மலைப்பித்தன்

பார்த்தீர்களா, 600 மீட்டருக்கும் ஆயில் மாற்றச் சொல்கிறார். ஒரே ஆயில் செலவில் ஆல்ப்ஸையே பார்த்திருக்கலாம்.