இரிடியம்-193 அணுக்கருவின் ஆற்றல் மட்டங்கள் கணக்கில் 240 வரை தள்ளிப்போகின்றன, எங்கே தவறு?

இரவுக்கணக்கு:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் செமினார், தலைப்பு அணுக்கருவில் சூப்பர்சிமெட்ரி, அதாவது போசானையும் ஃபெர்மியானையும் ஒரே குடும்பமாகப் பார்க்கும் சமச்சீர். 1980இல் இயற்பியலாளர் இயாக்கெல்லோ முன்வைத்த யோசனையை, யூ(6/4) என்ற சமச்சீர் வகையில், இரிடியம்-193க்குப் போட்டுப் பார்க்கிறேன். விடை எங்கோ போய் நிற்கிறது.

செய்தது இதுதான். பிளாட்டினம்-194இல் ஒரு புரோட்டானைக் கழற்றினால் இரிடியம்-193. அதனால் பிளாட்டினத்தை ஜோடியாக எடுத்துக்கொண்டேன். புரோட்டான், நியூட்ரான் இரண்டுமே இரட்டைப்படையான கருவுக்கு ஆற்றல் = பி × டௌ(டௌ+3) + சி × ஜே(ஜே+1). டௌ, ஜே மட்டத்தின் குவாண்டம் எண்கள் (ஜே என்பது ஸ்பின்), பி, சி பொருத்திக் கண்டுபிடிக்க வேண்டியவை. பிளாட்டினத்தின் 328, 622, 811 மட்டங்களிலிருந்து (எல்லாமே கிலோ எலக்ட்ரான் வோல்ட்) பி 62, சி 13.5 கிடைத்தது. அதே பி, சி இரிடியத்துக்கும் பொருந்த வேண்டும் இல்லையா? ஸ்பின் 1/2 மட்டம் 269, 5/2 மட்டம் 377 என்று வருகிறது. அளந்த மதிப்போ 73, 139. போதாததற்கு 80இல் ஒரு 11/2 உட்கார்ந்திருக்கிறது. அதற்கு என் அட்டவணையில் இடமே இல்லை.

காமாகதிர்:
வாய்பாடு சரி, ஜோடிதான் தவறு. போசான்களை எண்ணினீர்களா? இந்தப் பகுதியில் கூடு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது, அதனால் துகள்களை அல்ல, துளைகளை (கூடு நிறைய இன்னும் மிச்சமுள்ள காலியிடங்களை) எண்ண வேண்டும். இரண்டு துளைக்கு ஒரு போசான். கூடு முழுதாக நிறையும் மாய எண்கள் புரோட்டானுக்கு 82, நியூட்ரானுக்கு 126.

பிளாட்டினம்-194: புரோட்டான் 78, துளை 4. நியூட்ரான் 116, துளை 10. மொத்தம் 7 போசான்.
இரிடியம்-193: புரோட்டான் 77, துளை 5. அதில் இரண்டு போசான் போக ஒரு துளை தனியாக மிஞ்சும், அதுதான் ஃபெர்மியான். நியூட்ரானில் 5 போசான். ஆக 7 போசானும் 1 ஃபெர்மியானும், கூட்டினால் 8.

சூப்பர்சிமெட்ரி ஒரு போசானை ஒரு ஃபெர்மியானாக மாற்றும், கூட்டுத்தொகையைத் தொடாது. ஆகவே 8 போசான் உள்ள கருதான் உங்கள் ஜோடி. அது ஆஸ்மியம்-192 (புரோட்டான் 76, துளை 6). பிளாட்டினம் இரிடியத்தின் உள்ளே இருக்கும் 7 போசான் கரு மட்டும்தான், இந்தக் குடும்பத்தில் சேராது. நானும் முதல் தடவை இதே இடத்தில்தான் சறுக்கினேன்.

அந்த 80ஐ விட்டுவிடுங்கள். அது எச் 11/2 கூட்டில் இருந்து வருவது, பாரிட்டி (ஆடிப் பிம்பமாக்கினால் அலைச்சார்புக்கு வரும் குறி) எதிர். யூ(6/4)இல் உள்ள 4 என்பது டி 3/2 கூட்டில் உள்ள துகளின் நான்கு நிலைகள் மட்டுமே.

இரவுக்கணக்கு:
நன்றி! ஆஸ்மியத்தின் 206, 489, 580 வைத்துப் போட்டேன். பி 41.7, சி 6.5. இரிடியத்தில் 1/2, 5/2, 7/2 முறையே 189, 241, 287. வரிசை சரியாக வந்துவிட்டது. ஆனால் அளவு 73, 139, 358. இன்னும் நூறு வித்தியாசமா?

பழைய ஆய்வகக்காரர்:
மூன்று மட்டங்களை வைத்து இரண்டு எண்களைக் கண்டுபிடித்தால் அந்த மூன்றின் கோணல் முழுவதும் அதில் ஏறிவிடும். இரண்டு கருக்களையும் சேர்த்துப் பொருத்துங்கள். பி 40, சி 10 என்று வைத்துப் பாருங்கள்.

1/2 மட்டம் என்ன செய்தாலும் முழுதாக இறங்காது. பக்கத்திலேயே எஸ் 1/2 கூடு இருக்கிறது, அது கலந்துவிடும். யூ(6/4) அதைக் கண்டுகொள்வதில்லை. இது உங்கள் கணக்கின் குறை இல்லை, திட்டத்தின் குறை. செமினாரில் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமென்றால் பிளாட்டினம்-194, 195, தங்கம்-195, 196 நால்வர் குழு. நான்கிலும் கூட்டுத்தொகை 7. தங்கம்-196இல் புரோட்டான், நியூட்ரான் இரண்டுமே ஒற்றை என்பதால் 5 போசான், 2 ஃபெர்மியான். அதன் மட்டங்களைக் கோட்பாடு முன்கூட்டியே சொல்லியிருந்தது. தங்கம்-197இலிருந்து ஒரு நியூட்ரானைப் பிடுங்கி மியூனிக்கில் அளந்ததை வைத்து 1999இல் ஒப்பிட்டார்கள், நன்றாகவே ஒத்துப்போனது.

அப்புறம் ஒரு துணுக்கு. இரிடியம்-191இன் இதே 5/2 மட்டம் 129இல் இருக்கிறது. திடப்பொருளில் கரு பின்னுதைப்பு இல்லாமல் காமாக்கதிரை உமிழ்வதும் உறிஞ்சுவதும்தான் மோஸ்பவர் விளைவு; 1958இல் மோஸ்பவர் அதைக் கண்டது அந்தக் காமாக்கதிரில்தான்.

விடியல்:
குறுக்கே ஒரு கேள்வி. எல்எச்சியில் (செர்னின் பெரிய துகள் மோதுவியில்) தேடும் அதே சூப்பர்சிமெட்ரியா இது?

காமாகதிர்:
கணிதம் ஒரே வீட்டுப் பிள்ளை. ஆனால் இங்கே புதுத் துகள் எதுவும் தேவையில்லை, போசான் என்பதே இரண்டு நியூக்ளியான் ஜோடி சேர்ந்த வடிவம்.

இரவுக்கணக்கு:
40, 10 போட்டாயிற்று. ஆஸ்மியத்தில் 220, 460, 600. இரிடியத்தில் 170, 250, 320. 7/2 இப்போது பக்கத்தில் வந்துவிட்டது, 1/2 மட்டும் அடம்பிடிக்கிறது. படத்தில் அந்த 80ஐச் சிவப்பு மையில் வரைந்து, ஓரத்தில் எச் 11/2 என்று எழுதிவிட்டேன். யாராவது நிச்சயம் கேட்பார்கள்.