1,632 பைட்: நான் எழுதாத ஒரு காலாக்

மண்டபத்திலிருந்து:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மாமாவின் ஐஸ் ஆலையும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அந்த நாட்களில்தான் ஐஸ் அறைகளின் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் நிரலை சி மொழியில் எழுதினேன். ஆறு உணரிகள், உணரிக்கு ஓர் இழை (த்ரெட்: நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே சமயத்தில் ஓடும் பகுதி).

எழுதி முடித்து, விடுவிக்காத நினைவகத்தைக் கண்டுபிடிக்கும் வால்கிரிண்ட் கருவியில் ஓட்டினால், கடைசியில் இப்படி வந்து நின்றது: 6 துண்டுகள், 1,632 பைட், 'தொலைந்திருக்கக்கூடும்'. மூன்று இரவு, நினைவகம் ஒதுக்கும் என் மாலாக்குகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதை விடுவிக்கும் ஃப்ரீ இருந்தது. நான்காம் நாள்தான், எந்தச் செயற்கூறை எது அழைத்தது என்று அறிக்கை காட்டும் அழைப்பு வரிசையை மேலிருந்து நிதானமாகப் படித்தேன். முதலில் காலாக் (மாலாக் போலவே நினைவகம் ஒதுக்குவது), அடுத்து இழைக்கு இடம் ஒதுக்கும் செயற்கூறு, அதன் கீழே இழையை உருவாக்கும் பித்ரெட் கிரியேட். என் நிரலில் காலாக் எங்குமே கிடையாது! 1,632-ஐ ஆறால் வகுத்தால் 272. ஒவ்வோர் இழைக்கும் ஜிலிப்சி (லினக்ஸில் சி மொழியின் அடிப்படை நூலகம்) தானாகவே ஒதுக்கும் அட்டவணையின் அளவு அது. அந்த அட்டவணையின் முதல் இடத்தை விட்டு, ஒன்று தள்ளித்தான் ஜிலிப்சி சுட்டியை வைத்துக்கொள்கிறது. துண்டின் உட்புறத்தைக் காட்டும் சுட்டி மட்டுமே அகப்பட்டதால், கருவி 'கூடும்' என்பதோடு நிறுத்திக்கொண்டது.

பொய்ப் புகார் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. பார்த்தால், இழைகள் முடியும்வரை காத்திராமல் நிரலின் முதன்மைச் செயற்கூறான மெயின் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆறுக்கும், இழை முடியும்வரை காத்திருக்கும் ஜாயின் சேர்த்தேன், புகார் போயிற்று. கசிவு இல்லைதான். ஆனால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கடைசி அளவு கோப்பில் ஏறாமலே போயிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தது இந்தப் புகார்தான்.

தொண்டியிலிருந்து:

அண்ணா, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. என் நிரலில் இழைகளை உருவாக்குவதும் ஓர் இழைதான். அதே 272-ஐப் பார்த்துச் சலித்துப்போய், எந்தப் புகார்களைக் காட்ட வேண்டாம் என்று வால்கிரிண்டுக்குச் சொல்லும் சப்ரஷன் கோப்பில், 'இடையில் எது வந்தாலும் சரி' என்று பொருள்படும் மூன்று புள்ளி வைத்து, கீழே 'ஸ்டார்ட் த்ரெட்' (ஒவ்வோர் இழையும் தொடங்கும் செயற்கூறு) என்று எழுதிவிட்டேன். அறிக்கை துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. இழைக்குள் நடக்கும் எந்த ஒதுக்கீட்டின் அடியிலும் ஸ்டார்ட் த்ரெட் இருக்கும், அதனால் உண்மையான கசிவும் மறைந்துவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. மொட்டைமாடிக் காற்றுமானியை நொடிக்கு ஒருமுறை படிக்கும் இழை, ஒவ்வொரு முறையும் 4 கிலோபைட்டை விடுவிக்காமல் விட்டிருக்கிறது. நாளுக்கு 330 எம்பிக்கு மேல்! 1 ஜிபி நினைவகம் உள்ள சிறு கணினி மூன்றாம் நாளே விழுந்துவிட்டது.

இப்போது அந்த மூன்று செயற்கூறுகளையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே எழுதி, 'கூடும்' வகைக்கு மட்டும் பொருந்துமாறு கட்டியிருக்கிறேன். ஜாயின் சேர்ப்பது இன்னும் பாக்கி. இந்த வாரம் உட்காரப்போகிறேன்.