சாலைக் கடப்பில் பழுதான ஒரு 33 கிலோவோல்ட் கேபிள்: கள அனுபவம்

கோடைக்காலத்தில் பழுதான 33 கிலோவோல்ட் எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் காப்புறை கொண்ட) கேபிள் ஒன்றைத் தோண்டியெடுத்துப் பார்க்கும் பணியில் நானும் இருந்தேன். தடம் நெடுகிலும் நேரடியாக மண்ணில் புதைக்கப்பட்டிருந்த அந்தக் கேபிள், நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய்க்குள் சென்றது. பழுது நேர்ந்ததும் அந்தக் குழாய்க்குள்தான். வெளியுறை நிறம் மாறி இறுகிப்போயிருந்தது. குழாயைச் சுற்றியிருந்த மணல், கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தோடும் அளவுக்கு உலர்ந்திருந்தது. சுமை, தயாரிப்பாளர் பட்டியலில் குறித்த அளவைத் தாண்டியிருக்கவில்லை.

நம் நாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் நிலத்தின் வெப்பநிலையை 30 டிகிரி செல்சியஸ் என்றும், மண்ணின் வெப்பத்தடையை, அதாவது வெப்பம் பரவுவதை மண் எவ்வளவு தடுக்கிறது என்பதை, 1.5 கெல்வின்-மீட்டர்/வாட் என்றும் வைத்துக்கொண்டே கேபிள் தாங்கும் மின்னோட்ட அளவைத் தருகின்றன. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கேபிள் மீட்டருக்கு 35 வாட் வெப்பத்தை வெளிவிடுவதாகக் கொண்டால், அதன் மேற்பரப்பு நிலத்தைவிட ஏறத்தாழ 31 டிகிரி சூடாகும். அதே மண் உலர்ந்து வெப்பத்தடை 2.5 ஆகிவிட்டால் அந்த உயர்வு 51 டிகிரியாகிறது. குழாய்க்குள் தேங்கிய காற்று இதற்கு மேலும் சுமார் 10 டிகிரியைச் சேர்க்கிறது. எக்ஸ்எல்பிஇ காப்பு தொடர்ந்து தாங்கக்கூடிய 90 டிகிரி வரம்பை, உள்ளே இருக்கும் கடத்தி இந்நிலையில் எளிதாகத் தாண்டிவிடும். சூடேறிய கேபிள் சுற்றியுள்ள ஈரத்தை விரட்டுகிறது, ஈரமிழந்த மண் மேலும் சூட்டைத் தேக்குகிறது என்பதுதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது.

1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் வழங்கிய நான்கு 110 கிலோவோல்ட் கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து, அப்பகுதி வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தது. கேபிளைச் சுற்றிக் குழியில் இட்டு நிரப்பிய மண்ணின் உண்மையான வெப்பத்தடை, வடிவமைப்பில் கருதியதைவிட அதிகமாக இருந்ததைப் பின்னர் நடந்த விசாரணை சுட்டிக்காட்டியது. பழுதுகள் தொடங்கியது அங்கும் வறண்ட கோடையில்தான்.

தடத்தின் நீளத்தில் மிகச் சிறிய பகுதியாக இருந்தாலும், முழுக் கேபிளின் திறனையும் தீர்மானிப்பது அந்தச் சாலைக் கடப்பே என்பது என் உறுதியான கருத்து. எனவே, மண்ணின் வெப்பத்தடையை மழைக்காலத்தில் அளந்ததோடு நின்றுவிடாமல், கோடையின் உச்சத்தில், கடப்பிடத்திலேயே மண்ணில் செருகி வெப்பத்தடையை அளக்கும் ஊசிமுனை அளவியைக் கொண்டு அளக்க வேண்டும். குழாய்க்குள் பென்டோனைட் என்னும் களிமண் கலவையை நிரப்பிக் காற்றிடைவெளியை நீக்க வேண்டும். அது இயலாத இடங்களில் கேபிளின் அளவைக் கூட்டவோ சுமையைக் குறைக்கவோ தயங்கக் கூடாது.